நகரக் கொள்கையைப் பேசிப் பேசி எழுதுவது எப்படி?

ஒரு நாட்டின் தேசிய நகரக் கொள்கையை எழுத உட்காரும் குழுவிடம் நான் முதலில் கேட்பது ஒரு பதிவேடு. வரைவெல்லாம் அப்புறம். நெடுக்காக நான்கு கட்டம் போட்டால் போதும்: யார் சொன்னார், என்ன சொன்னார், அதனால் வரைவில் எந்த வாக்கியம் மாறியது, மாறவில்லை என்றால் என்ன காரணம். கலந்துரையாடல் உண்மையாக நடந்ததா என்பதை வருகைப் பதிவும் புகைப்படங்களும் காட்டாது. அந்த மூன்றாவது கட்டம் காட்டும். அது கடைசிவரை காலியாக இருந்தால், முடிவை எடுத்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த மாதிரிக் கூட்டங்களை நடத்திக் கொடுப்பதும், பேசியதைக் குறிப்பெடுத்து வரைவாக்குவதும்தான் பல வருடங்களாக என் வேலை. புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு நான் நேரில் சொல்லிக் கொடுப்பதை இங்கே எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னணி. 2016 அக்டோபரில் ஈக்வடாரின் கீட்டோ நகரில் நடந்த ஐ.நா.வின் மூன்றாவது வாழ்விட மாநாடு, நகரங்கள் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் 'புதிய நகர்ப்புற நிகழ்ச்சி நிரலை' ஏற்றது. அதை நடைமுறைப்படுத்தும் வழிகளில் தேசிய நகரக் கொள்கைக்கு முக்கிய இடம் கொடுத்தார்கள். ஐ.நா. வாழ்விட அமைப்பும், பெரும்பாலும் வசதியான நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யும், நகர ஏழைகளுக்காக இயங்கும் பன்னாட்டுக் கூட்டணியான சிட்டீஸ் அலையன்ஸும் சேர்ந்து அங்கேயே இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கின. இவை 2018இல் வெளியிட்ட உலக அறிக்கை 150 நாடுகளைப் பார்த்தது. அவற்றில் 76 நாடுகளில் நகரக் கொள்கை என்றே ஓர் ஆவணம் இருந்தது. மற்ற நாடுகளில் அது வீட்டுவசதி, போக்குவரத்து, வட்டார வளர்ச்சி என்று பல துறைகளின் பைல்களில் சிதறிக் கிடந்தது. 2021 அறிக்கையில் 162 நாடுகளுக்கு 91 என்று கணக்கு ஏறியது. ஆவணம் இருப்பது நல்லதுதான். நிதி அமைச்சகம் அதைப் பிரித்துப் பார்த்ததா என்பது வேறு கேள்வி.

சாத்தியம் பார்ப்பது, நிலைமையை ஆராய்வது, வகுப்பது, செயல்படுத்துவது, கண்காணித்து மதிப்பிடுவது என்று ஐ.நா. வாழ்விட அமைப்பு இந்த வேலையை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. காகிதத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடைமுறையில் மூன்றாவது படியில் நிற்கும்போது இரண்டாவதற்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும். அதற்குக் கால அட்டவணையில் இடம் விடுங்கள்.

சரி, யாரைக் கூப்பிடுவது? நகர வளர்ச்சி அமைச்சகம் அழைப்பு அனுப்பினால் கட்டடக்கலைஞர்கள், நகரமைப்பாளர்கள், பேராசிரியர்கள் தவறாமல் வருவார்கள். ஒரு நகரத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் பலர் வரமாட்டார்கள். ரயில் நிலையம் எங்கே வரும், தொழிற்பேட்டைக்கு எந்த நிலம், உள்ளாட்சிக்கு எவ்வளவு மானியம் என்று முடிவெடுப்பவர்கள் அவர்கள். அதனால் முதல் சந்திப்பை நிதி அமைச்சகத்தில் வையுங்கள். அவர்களை உங்கள் அரங்குக்கு வரவழைப்பதைவிட நீங்கள் அவர்கள் அறைக்குப் போவது நல்லது. கொலம்பியாவில் 2012இல் 'நகரங்களின் அமைப்பு' பற்றிய ஆய்வுப் பணியை எடுத்து நடத்தியது தேசியத் திட்டமிடல் துறை. 2014இல் அது பொருளாதார, சமூகக் கொள்கைக்கான தேசிய மன்றத்தின் 3819ஆம் ஆவணமாக வெளிவந்தது. பல துறை அமைச்சர்கள் உட்காரும் மன்றம் அது. நகராட்சி எல்லையைத் தாண்டி வேலைக்கும் படிப்புக்கும் போய்வரும் மக்களைக் கணக்கில் எடுத்து, பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் பார்வை அந்த ஆவணத்துக்கு வந்தது. முதலீடுகளைத் திட்டமிடும் துறையிலேயே வேலை தொடங்கியதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து.

அடுத்தது கீழிருந்து மேலே போவது. பிரேசிலைப் பாருங்கள். 1988 அரசமைப்பில் நகரங்களுக்கென 182, 183ஆம் பிரிவுகள், 2001இல் நகரச் சட்டம், 2003இல் நகரங்களுக்கான தனி அமைச்சகம். அதே 2003இல் முதல் தேசிய நகரங்கள் மாநாடும் நடந்தது. நேராகத் தலைநகரில் மேடை போடவில்லை. ஆயிரக்கணக்கான நகராட்சிகளில் கூட்டம் நடத்தி, அங்கே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் மாநில மாநாட்டுக்கும், அங்கிருந்து தேசிய மாநாட்டுக்கும் போனார்கள். மறுவருடம் நகரங்கள் மன்றம் அமைந்தது. 2019இல் அந்த அமைச்சகம் கலைக்கப்பட்டு, 2023இல் மறுபடி வந்தது. இடைப்பட்ட காலத்திலும் 2001 சட்டம் சட்டமாகவே இருந்தது. பேசி எடுத்த முடிவுகளில் எதைச் சட்டமாக்குவது, எதை வழிகாட்டுதலாக விடுவது என்று யோசிக்கும்போது இதை மனதில் வையுங்கள். வழிகாட்டுதலை ஒரு சுற்றறிக்கை மாற்றிவிடும்.

எல்லா நாட்டுக்கும் அவ்வளவு பெரிய மாநாடு தேவையில்லை. சிலே வேறு வழியில் போனது. 1979இல் அங்கே வந்த கொள்கை, நிலம் பற்றாக்குறையான பொருள் அல்ல என்ற எண்ணத்தில் நகர எல்லைகளைத் தளர்த்தியது. 2012இல் அதிபரின் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. வெவ்வேறு துறைகளையும் அரசியல் சார்புகளையும் சேர்ந்தவர்கள் அதில் உட்கார்ந்து பேசினார்கள். 2014 மார்ச்சில் புதிய கொள்கை அரசிதழில் வந்தது. அதே மாதம் ஆட்சி மாறியது. ஆனாலும் கொள்கையும், அதைக் கவனித்துக்கொள்ள அமைந்த தேசிய நகர வளர்ச்சி மன்றமும் தொடர்ந்தன. எதிர்த் தரப்புக்கு எழுதும்போதே இடம் கொடுத்தால் அந்தக் கொள்கைக்கு ஆயுள் கூடும் என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான்.

இனி மேசைக்கு வருவோம். நான் ரொம்ப அக்கறை எடுத்துக்கொள்ளும் இடம் இது. முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் வாக்கியம் மாறாது. ஏழெட்டுப் பேர் உட்காரும் மேசையில்தான் மாறும். மேசைக்கு ஒரே ஒரு தாள் கொடுங்கள். அதில் வரைவின் ஒரே ஒரு வாக்கியம் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கீழே எழுத நிறைய இடம் விடுங்கள். ஒரு மேசையில் அதிகாரிகளை மட்டும், இன்னொன்றில் மக்களை மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

அப்படி ஒரு மேசையில் இருந்த வாக்கியம் இது: "சிறு நகரங்களில் குடிநீர் வசதி மேம்படுத்தப்படும்." ஒரு சிறிய நகராட்சியின் பொறியாளர் தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்: "தெருக்குழாய் எங்களுடையது, நீரேற்று நிலையம் வாரியத்துடையது, கரன்ட் பில் கட்டுவது நாங்கள். கட்டணத்தை மாற்றும் அதிகாரம் எங்களிடம் இல்லை. இதில் யார் எதை மேம்படுத்துவது?" நிதித் துறை அதிகாரி, கட்டண அதிகாரத்தை நகராட்சிக்குக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீருமே என்றார். அதுவரை பேசாமல் இருந்த பெண்மணி ஒருவர் அப்போது வாயைத் திறந்தார். பட்டா இல்லாத குடியிருப்பிலிருந்து வந்தவர். "குழாய்த் தண்ணீர் வாங்குகிறவர்களைவிட லாரித் தண்ணீர் வாங்கும் நாங்கள்தான் குடத்துக்கு அதிகம் கொடுக்கிறோம். கட்டணம் கட்ட மாட்டார்கள் என்று நினைத்து எங்களுக்கு இணைப்பே கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள்" என்றார். மேசை கொஞ்ச நேரம் அமைதியானது. அப்புறம் சூடுபிடித்தது.

கடைசியில் தாளில் இருந்த வாக்கியம்: "குடிநீர்க் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் நகராட்சி மன்றத்துக்கு மாற்றப்படும், பட்டா இல்லாத வீடுகளுக்கும் நகராட்சி இணைப்பு வழங்கும், சலுகைக் கட்டணத்தால் வரும் இழப்பை நிதி அமைச்சகம் மானியத்தில் ஈடுசெய்யும்." முதல் பகுதி பொறியாளரால் வந்தது, இரண்டாவது அந்தப் பெண்மணியால், மூன்றாவது நிதி அதிகாரி பேரம் பேசி ஒத்துக்கொண்டது. பதிவேட்டில் மூன்று பேருக்கும் மூன்று வரி. யார் செய்வார் என்று சொல்லாத எந்த வாக்கியத்தையும் இப்படி மேசைக்கு அனுப்புங்கள்.

அந்தப் பெண்மணி போன்றவர்கள் தனியாக வந்தால் மேசையில் எடுபடுவது கடினம். கையில் கணக்கோடு வந்தால் கதை வேறு. உகாண்டாவில் சிட்டீஸ் அலையன்ஸ் உதவியோடு 2010இல் தொடங்கிய திட்டம் அருவா, ஜிஞ்ஜா, கபாலே, எம்பாலே, எம்பரரா என்ற ஐந்து நகரங்களில் மக்களும் நகராட்சியும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் அரங்குகளை அமைத்தது. குடிசைவாசிகள் கூட்டமைப்பு தன் பகுதிகளைத் தானே கணக்கெடுத்தது. எத்தனை வீடு, எத்தனை கழிப்பறை என்ற அந்த எண்களோடு நகராட்சி அதிகாரிகளுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். நாட்டின் நகரக் கொள்கை 2017இல் வந்தது. உங்கள் கால அட்டவணையில் மக்கள் கணக்கெடுப்புக்கு மேசைக்கு முன்பே இடம் ஒதுக்குங்கள். செலவு அதிகம் ஆகாது.

பிற நாடுகளிடம் கற்பது அடுத்த வேலை. இதில் பணமும் நேரமும் வீணாவது ஒரே இடத்தில்தான்: பகட்டான நகரத்தைப் பார்த்துவிட்டு வருவது. உங்களைப் போல அதிகாரம் பிரிந்து கிடக்கும் நாட்டைத் தேடுங்கள். நீங்கள் கூட்டாட்சி என்றால் கூட்டாட்சி நாடு. நிலம் மாநிலத்தின் கையில் இருந்தால் அங்கேயும் அப்படியா என்று பாருங்கள். வருமானத்தில் உங்களைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும், பத்துப் படி வேண்டாம்.

போகும் குழுவில் நிதித் துறை ஆள் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். போன இடத்தில் பவர்பாயின்ட் ஓடும், ஓடட்டும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது வேறு: அமைச்சரவைக்குப் போன குறிப்பு, மானியத்தைப் பங்கிடும் சூத்திரம், துறைகளுக்கு இடையிலான ஒப்பந்தம். மூன்று கேள்விகளைக் கையோடு கொண்டுபோங்கள். அமைச்சரவைக்குப் போகும் முன் வரைவிலிருந்து எது வெட்டப்பட்டது? யார் எதிர்த்தார்கள்? ஒதுக்கிய பணத்தில் எது செலவாகாமல் நின்றது? சாப்பாட்டு மேசையில் கேட்டால் பதில் நன்றாக வரும். ஏனென்றால் எதிரே இருப்பவரும் உங்களைப் போல ஒரு வரைவோடு மல்லுக்கட்டியவர், கேட்பதற்கு ஆள் கிடைத்தால் சொல்வார்.

ஒரு தடவை போய்வருவது கற்றல் ஆகாது. அவர்களையும் உங்கள் நாட்டுக்கு அழைத்து உங்கள் வரைவைக் கிழிகிழி என்று கிழிக்கச் சொல்லுங்கள். ஓ.இ.சி.டி. நாடுகள் ஒன்றின் கொள்கையை மற்றொன்று பரிசீலிக்கும் பழக்கத்தின் சாரம் இதுதான். ஐரோப்பாவில் 2002 முதல் நடக்கும் அர்பாக்ட் திட்டத்தில் நகரங்கள் வலையமைப்பாகச் சேர்ந்து ஒன்றின் பிரச்சினையை மற்றொன்று பார்க்கின்றன. ஊர் திரும்பியதும் ஒவ்வொரு நகரமும் உள்ளூர்க் குழுவோடு உட்கார்ந்து செயல்திட்டம் எழுதுகிறது. போலந்து 2015இல் தேசிய நகரக் கொள்கையை ஏற்ற பிறகு, அதைச் செயல்படுத்தவே தன் நகரங்களுக்குள் கற்றல் வலையமைப்புகளை உருவாக்கியது.

உள்நாட்டு நகரங்கள் ஒன்றிடம் ஒன்று கற்பதை நான் வெளிநாட்டுப் பயணத்தைவிட மேலாக மதிக்கிறேன். தென்னாப்பிரிக்க நகரங்கள் வலையமைப்பு 2002இல் தொடங்கி 2004, 2006, 2011 என்று நகரங்களின் நிலை பற்றி அறிக்கை வெளியிட்டது. 2016இல் அந்நாட்டு அமைச்சரவை தன் நகரக் கொள்கையான ஒருங்கிணைந்த நகர்ப்புற வளர்ச்சிக் கட்டமைப்பை ஏற்றபோது, ஆய்வுப் படிக்கான விஷயம் பாதிக்கு மேல் ஏற்கெனவே பேசித் தீர்ந்திருந்தது என்பது அந்த அறிக்கைகளைப் படித்தால் தெரியும். உங்களிடம் அப்படி ஒன்று இல்லையென்றால், கொள்கை வேலையோடு சேர்த்தே அதைத் தொடங்குங்கள்.

வரைவு முடிந்ததும் பதிவேட்டின் நான்காவது கட்டத்தை வெளியிடுங்கள். அமைச்சகங்களுக்கு இதில் தயக்கம் இருக்கும். "உங்கள் யோசனையை ஏற்கவில்லை, காரணம் இது" என்று எழுத்தில் சொல்வது சங்கடம்தான். ஆனால் மறுக்கப்பட்ட காரணத்தைப் படித்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வருவார்கள். பதிலே கிடைக்காதவர்கள் வரமாட்டார்கள்.

கண்காணிப்புக்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் 11.அ.1ஆம் குறியீடு மூன்று கேள்விகளைக் கேட்கிறது: கொள்கை மக்கள்தொகை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கிறதா, வட்டாரங்களுக்கு இடையே சமநிலையான வளர்ச்சியை உறுதிசெய்கிறதா, உள்ளாட்சிகளின் நிதி வலிமையைக் கூட்டுகிறதா. மூன்றாவதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அதிகாரம் கைமாறி, பணம் கைமாறாமல் போவது எங்கும் நடக்கிறது.

கொள்கை ஏற்கப்பட்ட பிறகு நடக்கும் முதல் கூட்டத்தின் தேதியை, ஏற்கும் முன்பே குறித்துவிடுங்கள். துறைகளிடம் பட்ஜெட் மதிப்பீடு கேட்டு நிதி அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் இருந்தால் பேசியது கணக்கில் ஏறும். அதே மேசைகள், முடிந்தவரை அதே ஆட்கள். அதிகாரிகள் மாற்றலாகிப் போயிருப்பார்கள். புதிதாக வந்தவர் கையில் முதலில் பதிவேட்டைக் கொடுத்து, அவருடைய துறையின் பெயர் வரும் வரிகளை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.