பழைய ரேடியோவுக்குள் ஒரு காந்தம்

பிள்ளைகளுக்குக் காந்தத்தைக் காட்ட விளையாட்டுச் சாமான் கடைக்கு ஓட வேண்டாம். பழுதான ரேடியோவின் ஒலிபெருக்கிக்குப் பின்னால் வட்டமான காந்தம் இருக்கிறது. கழற்றி, பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுங்கள். சுற்றாவிட்டால் ஒட்டிய துகளைச் சுரண்டியே பொழுது போய்விடும்.

முல்லைத்தீவுக் கடலோரத்தில் கொக்கிளாய்ப் பக்கம் போனால் ஒரு பிடி கருமணல் எடுத்து வாருங்கள். அதில் இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது. நன்றாகக் காயவைத்துத் தட்டில் பரப்பிக் காந்தத்தை மேலே மெல்ல நகர்த்தினால் சில கறுப்புத் துகள்கள் எழும்பி ஒட்டும். இல்மனைட்டைக் காந்தம் வலுவாக இழுக்காது. அதனால் எல்லாம் வராது. ஏன் என்று அவர்களே கேட்கட்டும்.

ஒட்டிப் பார்க்க ஆணி, ஊசி எல்லாம் வீட்டிலிருந்தே கொடுங்கள். இரும்பு தேடிப் பற்றைக்குள் அனுப்பாதீர்கள். வன்னி மண்ணில் போர்க்கால வெடிபொருட்கள் இன்னும் கிடக்கின்றன.