முகம் எடுத்துப் பழக ஆள் பிடிப்பது எப்படி? யாழ்ப்பாணத்துப் புதுக் கமராக்காரருக்கு ஒரு வழிகாட்டி

புதுக் கமரா வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் எடுப்பது ஏறத்தாழ ஒரே படங்கள்தான். நல்லூர்க் கோபுரம், பண்ணையில் சூரியன் இறங்குவது, கசூரினாவில் அலை, வீட்டுப் பூனை. இவை எதுவும் மாட்டேன் என்று சொல்லாது. மனித முகம் எடுக்க ஆசை வந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்கள்?

யாழ்ப்பாணத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே ஒருவருக்கொருவர் முற்றிலும் அந்நியர் இல்லை. கமராவைத் தூக்கியதும் "நீர் ஆற்ற பொடியன்?" என்ற கேள்வி வரும். அது தடையாகவும் இருக்கும், கதவாகவும் இருக்கும். கதவாக்கிக் கொள்ளும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: கேட்கப் போகுமுன் கையைப் பழக்குங்கள்

ஒருவரை முன்னால் உட்கார வைத்துவிட்டு ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) எங்கே இருக்கிறது என்று தேடக் கூடாது. முற்றத்துப் படியில் உரித்த தேங்காய் ஒன்றை வைத்து, ஒளி எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பிறகு டைமரைப் போட்டு உங்களை நீங்களே எடுங்கள். அப்புறம் தம்பி, தங்கச்சி.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்திருங்கள். சிறிய சென்சர் உள்ள தொடக்கநிலைக் கமராவில் 50 மிமீ லென்ஸைப் போட்டு, லென்ஸ் துளையை எஃப் 1.8இல் வைத்து, ஒரு மீற்றர் தூரத்தில் இருந்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் வெறும் 3 சென்ரிமீற்றர் அளவுதான். கண்ணில் குவித்தால் மூக்கு நுனி மங்கிவிடும். எஃப் 4 வைத்தால் அது 6 சென்ரிமீற்றர் அளவுக்கு வரும். தொடக்கத்தில் எஃப் 2.8க்கும் 4க்கும் இடையில் நில்லுங்கள், ஷட்டர் வேகம் 1/200 செக்கனுக்குக் குறையாமல் பாருங்கள், குவியத்தைக் கமராவுக்குக் கிட்ட இருக்கும் கண்ணில் வையுங்கள். கைப்பேசிக்காரர்கள் 2 மடங்கு சூமில் வைத்து இரண்டு அடி பின்னால் போனாலே போதும். அகல லென்ஸோடு முகத்துக்குக் கிட்டப் போனால் மூக்கு பெருத்துவிடும். அதை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரரை எடுத்ததில் நல்ல படங்கள் பத்தைத் தெரிவுசெய்து கைப்பேசியில் தனி அல்பமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கேட்கும்போது இதுதான் உங்கள் அடையாள அட்டை.

படி 2: 'மொடல்' தேடாதீர்கள், படம் தேவைப்படுபவரைத் தேடுங்கள்

மிக முக்கியமான படி இதுதான். முகநூலில் "மொடல் தேவை" என்று போடுவது இந்த ஊரில் சரிவராது. வீட்டில் பெண் பிள்ளை இருக்கும் ஒருவர் அந்த வரியை எப்படி வாசிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதிலாக, ஏற்கனவே ஒரு நல்ல படம் தேவைப்படுகிறவர்களைத் தேடுங்கள். அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

வயதானவர்களில் இருந்து தொடங்குங்கள். எங்கள் வீடுகளில் அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் ஒழுங்கான தனிப்படம் இருப்பது அருமை. அடையாள அட்டைப் படம் இருக்கும், யாருடையோ கலியாணத்தில் எடுத்த கூட்டப் படம் இருக்கும், அவ்வளவுதான். ஒருவர் காலமானபின் பத்திரிகை அறிவித்தலுக்கும், 31ஆம் நாள் கல்வெட்டுக்கும் படம் தேடி வீட்டையே புரட்டிவிட்டு, கடைசியில் அந்தக் கலியாணப் படத்தில் பக்கத்தில் நிற்பவரின் தோள் தெரிய வெட்டிப் போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதை வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. "கனடாவில இருக்கிற பேரப்பிள்ளையளுக்கு அனுப்ப ஒரு வடிவான படம் எடுப்பம்" என்றால் போதும், அம்மம்மா சீலை மாற்றப் போய்விடுவார். வயதானவர்கள் அவசரப்பட மாட்டார்கள். சொன்ன இடத்தில் அசையாமல் இருப்பார்கள். பழைய கதை ஒன்றைத் தொடக்கிவிட்டால் முகம் தானாகவே மலரும். பழகுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்தது, வேலைக்கு விண்ணப்பிக்கும் நண்பர்கள், பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு முடிப்பவர்கள், வீட்டில் இருந்து கேக் அடித்து விற்கும் அக்காமார், புதிதாக ரியூசன் வகுப்புத் தொடங்கிய ஆசிரியர். எல்லோருக்கும் ஒரு முகப்படம் தேவை, ஸ்ரூடியோவுக்குப் போகத்தான் பஞ்சி. கலியாணப் பேச்சுக்கால் தொடங்கிய வீடுகளிலும் குறிப்போடு கொடுக்கப் படம் தேடுவார்கள். ஆனால் அந்தப் பொறுப்பைக் கை பழகிய பிறகு எடுங்கள். அந்தப் படத்தைப் பத்துப் பேர் கூடி இருந்து ஆராய்வார்கள்.

மூன்றாவது கூட்டம் கலைஞர்கள். மருதனார்மடத்தில் முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று இருந்தது இப்போது யாழ் பல்கலைக்கழகத்தின் ஒரு பீடம். இசை, நடனம், சித்திரம் படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். இணுவில், அளவெட்டி தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர் போன ஊர்கள். மேடையில் நிற்பவர்களுக்குக் கமரா கூச்சம் குறைவு, கைக்கும் ஒரு வேலை இருக்கும். வாத்தியத்தைத் துடைக்கும்போது, வார் இழுத்துக் கட்டும்போது எடுங்கள். "கையை எங்க வைக்க?" என்ற கேள்வியே வராது. ஒன்று, நடனம் ஆடுபவரை முழு ஒப்பனையோடு வரச் சொல்லாதீர்கள். அதற்கு மட்டும் மணித்தியாலக் கணக்கில் போகும். நிகழ்ச்சி உள்ள நாளில் ஒப்பனையோடு இருக்கும்போது பத்து நிமிடம் கேளுங்கள், அல்லது சாதாரணப் பயிற்சி உடுப்பிலேயே எடுங்கள்.

படி 3: கேட்கும் விதம்

சுற்றி வளைத்துக் கேட்டால் சந்தேகம் வரும். நீங்கள் யார், என்ன எடுக்கப் போகிறீர்கள், எங்கே, எவ்வளவு நேரம், படத்தை என்ன செய்வீர்கள் என்பது எல்லாம் முதல் செய்தியிலேயே இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

"அக்கா, நான் உங்கட தம்பியோட ரியூசனுக்குப் போனனான். இப்ப கமரா ஒண்டு வாங்கிப் படம் எடுத்துப் பழகுறன். உங்களை வயலினோட சில படங்கள் எடுக்க விருப்பம். வாற ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு, உங்கட வீட்டு விறாந்தையிலயே எடுக்கலாம். முக்கால் மணித்தியாலம் போதும். அம்மாவும் நிக்கட்டும். காசு ஒண்டும் இல்லை. படங்களை ரெண்டு நாளுக்குள்ள அனுப்புவன், நீங்கள் ஓம் எண்டாமல் எங்கயும் போடமாட்டன். நான் முந்தி எடுத்த படங்கள் கீழ இருக்கு. வசதிப்படாட்டி பரவாயில்லை அக்கா."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுக்க வழி வைத்துக் கேட்டால்தான் சம்மதம் மனதார வரும். பதில் வராவிட்டால் திரும்பக் கேட்காதீர்கள். பதில் வராததும் ஒரு பதில்தான்.

பொடியன்கள் பெண் பிள்ளைகளை எடுப்பதென்றால், அக்கா தங்கச்சி மூலமாகக் கேட்பது நல்லது. தாயோ தோழியோ கூட நிற்கட்டும், இடம் வீடாகவோ பலர் நடமாடும் வெளியாகவோ இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் பெற்றோரிடம் நேரே கேளுங்கள். பிள்ளை ஓம் என்றது போதாது. எடுக்கும்போது உடம்பைத் தொட்டுத் திருத்த வேண்டாம். நாடியை எப்படித் திருப்புவது என்று உங்கள் முகத்தில் செய்து காட்டுங்கள்.

படி 4: இடமும் நேரமும்

முதல் சில தடவை விறாந்தையை விட்டு வெளியே போகாதீர்கள். பழைய யாழ்ப்பாண வீட்டின் விறாந்தை இயற்கையாகவே அமைந்த ஸ்ரூடியோ. மேலே கூரை, ஒரு பக்கம் திறந்த வெளி, முற்றத்து மணலில் பட்டுத் தெறித்துக் கீழிருந்து வரும் மென்மையான ஒளி. ஆளை விளிம்பில் இருந்து இரண்டடி உள்ளே, முகம் வெளிச்சத்தைப் பார்க்க இருத்துங்கள். மறுபக்க நிழல் கறுப்பாக விழுந்தால் வெள்ளை ரெஜிபோம் மட்டை ஒன்றையோ வெள்ளை வேட்டியையோ அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். வேப்பமரத்தின் கீழே நிழல் நன்றாக இருக்கும், ஆனால் இலையின் பச்சை முகத்தில் ஏறும்.

நண்பகலைத் தவிருங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆவணியிலும் சூரியன் எங்கள் தலைக்கு நேரே நிற்கும். கண் குழிகள் இருண்டுவிடும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஒளி சரிந்து வரும், ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தி கெதியாக முடிந்துவிடும். சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் இருட்டு. ஆகவே ஆளை நேரத்துக்கு வரச் சொல்லுங்கள், நீங்கள் அதற்கு முன்பே போய் நில்லுங்கள்.

வெளியே போக விரும்பினால் சுப்பிரமணியம் பூங்கா, பண்ணைக் கடலோரம் இரண்டும் நல்ல இடங்கள். பண்ணையில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் தலைமயிர் முகத்தை மூடும். ஆளைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்துங்கள், மயிர் பின்னால் போய்விடும். வெள்ளை மதில், வெளிர் மணல், பளிச்சென்ற வானம் பின்னால் இருந்தால் கமரா முகத்தை இருட்டாக்கிவிடும். எங்கள் நிறத்துக்கு எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) +1 வரைக்கும் கூட்ட வேண்டி வரும். முகத்தை வெளுக்கச் செய்வதற்கு இல்லை, உள்ள நிறம் உள்ளபடி வருவதற்கு.

நல்லூர்க் கோயிலுக்குள்ளே படம் எடுக்கக் கூடாது. இராணுவ முகாம், சோதனைச் சாவடி பின்னணியில் விழாமல் பாருங்கள். நயினாதீவுக்குப் போனால் விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி ஆளை நிறுத்த வேண்டாம்.

படி 5: எடுக்கும் நேரம்

வந்தவுடன் கமராவைத் தூக்காதீர்கள். ஒரு பிளேன்ரீ குடித்து, ஐந்து நிமிடம் கதையுங்கள். முதல் பத்துப் படங்கள் விறைப்பாகத்தான் வரும், அவற்றைப் பொருட்படுத்தாதீர்கள். "சிரியுங்கோ" என்று சொன்னால் பல்லுத்தான் வரும். ஊர்க் கதை கேளுங்கள், சமையல் கேளுங்கள், பதில் சொல்லி முடித்து வாயை மூடும் அந்த நொடியில் அழுத்துங்கள். இடையில் நன்றாக வந்த ஒன்றைத் திரையில் காட்டுங்கள். தன் முகம் வடிவாக வந்ததைக் கண்டவர் அதற்குப் பிறகு வேறு ஆள்.

முக்கால் மணித்தியாலம் என்று சொன்னால் முக்கால் மணித்தியாலத்தில் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் எடுக்க மாட்டாரா என்று அவர் நினைக்கும்போதே முடித்தால் அடுத்த தடவை தயங்காமல் வருவார்.

படி 6: தெரியாதவர்கள்

தெரிந்தவர்களில் கை ஓடத் தொடங்கியபின் திருநெல்வேலிச் சந்தைக்கோ, விடியக் காலையில் பாசையூர், குருநகர் கரைக்கோ போகலாம். முதல் நாள் கமராவைப் பையிலேயே வைத்திருங்கள். மரக்கறி வாங்குங்கள், கதையுங்கள். வியாபாரம் நடக்கும்போது நடுவில் நிற்காதீர்கள், ஓய்ந்த நேரத்தில் "ஐயா, ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேளுங்கள். தலையாட்டல் கிடைத்தால் மூன்று நாலு படங்களில் முடியுங்கள். மறுத்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அடுத்த கிழமை அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். அதைப் பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பார். பிறகு நீங்கள் கேட்க வேண்டி வராது, "தம்பி, என்னையும் ஒண்டு எடும்" என்பார்கள்.

படி 7: உங்களைப் போன்ற இன்னும் இருவர்

பிரிண்ட் போடும் கடையில் நிற்பவரோடு பழகுங்கள். ஊரில் யார் யார் படம் எடுத்துப் பழகுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். மூன்று பேர் சேர்ந்தால் போதும், போயா விடுமுறையில் சந்திக்கலாம். ஒருவர் எடுக்க, ஒருவர் இருக்க, ஒருவர் மட்டை பிடிக்க, பிறகு மாறிக்கொள்ளலாம். கமராவுக்கு முன்னால் இருந்து பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு அந்தரம் என்று விளங்கும்.

படி 8: படத்தைத் திருப்பிக் கொடுப்பது

புதியவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். இருநூறு எடுத்தால் பன்னிரண்டைத் தெரிவுசெய்து இரண்டு நாளுக்குள் அனுப்புங்கள், மிச்சத்தைக் காட்டவே வேண்டாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், கோப்பாக அனுப்புங்கள். பருவை அழிக்கலாம், மச்சத்தை அழிக்காதீர்கள், நிறத்தை மாற்றாதீர்கள். முகநூலில் போட வேண்டுமென்றால் எந்தப் படம் என்று காட்டி மீண்டும் ஒருதரம் கேளுங்கள். எடுக்கச் சம்மதித்தது போடச் சம்மதித்ததாகாது. பிறகு நீக்கிவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள். வயதானவர்களுக்குக் கட்டாயம் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். கைப்பேசிக்குள் இருப்பதை அவர்கள் படம் என்று கணக்கெடுப்பதில்லை.

கொஞ்ச நாளில் யாராவது ஒருவர் "தம்பி, எங்கட பிள்ளையின்ர சாமத்தியவீட்டையும் எடுத்துத் தாருமன், எவ்வளவு?" என்று கேட்பார். மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அது திரும்ப எடுக்க முடியாத நாள். தெரிந்த ஸ்ரூடியோக்காரரைக் காட்டிவிட்டு, அவரிடம் "லைற் பிடிக்க நானும் வரட்டோ அண்ணை?" என்று கேளுங்கள். சம்மதித்தால் போய் வெளிச்சம் பிடியுங்கள், வயர் சுற்றுங்கள், அவர் சனத்தை எப்படி நிறுத்துகிறார் என்று பாருங்கள். உங்கள் கமரா பையிலேயே இருக்கட்டும். அவர் எடுக்கச் சொன்னால் மட்டும் பந்தல் ஓரத்தில் இருந்து எடுங்கள், அவருடைய படத்துக்குள் தலை விழாமல்.