விவாகரத்து, பிள்ளை, பராமரிப்பு, தத்து: மலேசியாவில் எங்கிருந்து தொடங்குவது?

விவாகரத்து என்று பேச்சு வந்தாலே முதலில் கேட்பது "எத்தனை மாசம் ஆகும், லாயருக்கு எவ்வளவு" என்பதுதான். கேட்கவேண்டியதுதான். ஆனால் வழக்கு முடிந்தபிறகு வருஷக்கணக்கில் ஆட்களை அலைக்கழிப்பது வேறு விஷயங்கள்: தீபாவளிக்குப் பிள்ளை யார் வீட்டில், டியூஷன் காசு யார் கட்டுவது, பாட்டி வளர்க்கும் பேரனுக்குப் பள்ளியில் யார் கையெழுத்துப் போடுவது. இதையெல்லாம் வாய்ப்பேச்சில் முடித்துவிட்டு வருகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய. வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்காது. அதனால் எழுதி வாங்கவேண்டிய இடங்களைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், மற்றதை வேகமாகக் கடந்துவிடலாம்.

படி 1: உங்களுக்கு எந்தச் சட்டம்?

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976-ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. வழக்கு உயர் நீதிமன்றத்தில்: கோலாலம்பூர் என்றால் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் உள்ள கோர்ட் வளாகம் (பலர் இன்னும் ஜாலான் டூத்தா என்றுதான் சொல்வார்கள்), பினாங்கு என்றால் ஜார்ஜ்டவுன் லைட் ஸ்ட்ரீட். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியா நீதிமன்றம், அங்கே நடைமுறையே வேறு, இந்தப் பதிவு அவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

கணவனோ மனைவியோ இடையில் இஸ்லாத்துக்கு மாறியிருந்தால், 2018 டிசம்பர் 15-க்குப் பிறகு இருவரில் யார் வேண்டுமானாலும் சிவில் கோர்ட்டில் விவாகரத்துக் கேட்கலாம். அதற்கு முன் மாறாதவர் மட்டும்தான் கேட்க முடியும். பிள்ளையை ஒருவர் மட்டும் மதம் மாற்றுவது செல்லாது, தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரியில் இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டு, ஆனால் பதிவு மட்டும் பண்ணவில்லையா? அப்படியானால் விவாகரத்து மனுவே சிக்கலாகும், முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் பிள்ளையின் செலவுக்கு வழி அடைபட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் பராமரிப்புத் தரவேண்டும் என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

படி 2: சேர்ந்தா, தனியாகவா?

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் கூட்டு மனு. ஒருவருக்கு மட்டும் வேண்டுமென்றால் தனி மனு. எதுவானாலும் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்கவேண்டும். தனி மனுவில் அசாதாரணமான துன்பம் இருந்தால் நீதிபதியிடம் அனுமதி கேட்டு முன்பே போடலாம்.

தனி மனுவுக்குத் திருமணம் முறிந்துபோனதைக் காட்டவேண்டும். அதற்குச் சட்டம் பார்ப்பது நான்கு: கள்ளத்தொடர்பு, சேர்ந்து வாழமுடியாத நடத்தை, இரண்டு வருஷம் கைவிட்டுப் போனது, இரண்டு வருஷம் பிரிந்து வாழ்ந்தது. மனுப் போடுவதற்கு முன் ஜேபிஎன் என்கிற தேசியப் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்கும் போயாகவேண்டும். இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், ஆறு மாதம் வரை போகலாம், ஒத்துவராவிட்டால் சான்றிதழ் தருவார்கள், அதை மனுவோடு இணைப்பார்கள். துணை எங்கே இருக்கிறார் என்றே தெரியாதபோதும், அவர் வெளிநாட்டில் இருந்து ஆறு மாதத்துக்குள் திரும்பி வர வாய்ப்பில்லாதபோதும், இன்னும் சில நிலைகளிலும் இந்தப் படி தேவையில்லை. கூட்டு மனுவுக்கும் தேவையில்லை.

வீட்டில் அடி உதை இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். முதலில் பாதுகாப்பு. 15999 தாலியான் காசே என்கிற அரசாங்க உதவி எண்ணுக்கு அழைத்தால் சமூக நல அதிகாரியே ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை தரமுடியும், அதற்குக் கோர்ட் படி ஏறத் தேவையில்லை. போலீஸ் புகாரும் கொடுங்கள், அதன்மேல் மேஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பினாங்கில் டபிள்யூசிசி, பெட்டாலிங் ஜெயாவில் டபிள்யூஏஓ என்று பெண்களுக்கு உதவும் அமைப்புகள் இருக்கின்றன. "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ" என்று சொல்கிற பெரியம்மாவிடம் அதற்குப்பிறகு பேசிக்கொள்ளலாம்.

லாயருக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி இலாகாவில் (ஜேபிஜி) கேளுங்கள், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு. இரண்டு இடத்திலும் வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், சம்பளச் சீட்டோடு போங்கள்.

படி 3: ஒரு ஃபைல் போடுங்கள்

திருமணச் சான்றிதழ், இரண்டு பேர் ஐசி நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, இபிஎஃப் கணக்கு, வீட்டுக் கடன் பேங்க் கடிதம், கார் கிராண்ட். இது எல்லா லாயரும் கேட்பது. பலர் கொண்டுபோகாதது பிள்ளையின் மாதச் செலவுக் கணக்கு. ஒரு நோட்டில் மூன்று மாதம் எழுதுங்கள்: பால்மாவு, பாலர் பள்ளி, ஸ்கூல் வேன், டியூஷன், கிளினிக், பள்ளிக் காலணி. ரசீதை ஹேண்ட்போனில் படம் பிடித்து வையுங்கள், கடை ரசீது சில மாதத்தில் மை அழிந்து வெள்ளைத் தாளாகிவிடும். "மாதம் 900 வெள்ளி வேண்டும்" என்று வெறுமனே சொல்வதற்கும், வேனுக்கு 120, பாலர் பள்ளிக்கு 350 என்று ரசீதோடு காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் நீதிபதி முன்னால் தெரியும்.

படி 4: பிள்ளை யாரிடம்?

சட்டம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன். தாய் தகப்பன் விருப்பம் அதற்கு அப்புறம்தான், விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் தாயிடம் இருப்பது நல்லது என்பது சட்டத்தின் அனுமானம். அனுமானம்தான், மறுத்து நிரூபிக்கலாம். அதேபோல ஏழு முடிந்த மறுநாள் பிள்ளை தானாகத் தகப்பனிடம் போய்விடாது. பழகிய வீட்டையும் பள்ளியையும் கலைப்பதைக் கோர்ட் விரும்பாது.

இனி முக்கியமான இடம். ஒப்பந்தத்தில் "நியாயமான நேரங்களில் தகப்பன் பிள்ளையைப் பார்க்கலாம்" என்று ஒரே வரி இருந்தால் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். அவருக்கு நியாயமான நேரம் இரவு பத்து மணி, உங்களுக்கு மதியம் இரண்டு மணி, அப்புறம் சண்டைதான். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "முதல், மூன்றாம் வாரச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு அப்பா பட்டர்வொர்த் வீட்டு வாசலில் வந்து அழைத்துப்போய், ஞாயிறு மாலை 6 மணிக்கு அங்கேயே கொண்டுவந்து விடுவார். தீபாவளி ஒரு வருஷம் அம்மாவிடம், அடுத்த வருஷம் அப்பாவிடம். புதன், வெள்ளி இரவு 8 மணிக்கு வாட்சாப்பில் அழைப்பு." பள்ளி விடுமுறை, பாஸ்போர்ட் யார் கையில், ஊர் மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும், இவற்றையும் சேருங்கள். அப்பாவிடம் பிள்ளை போகவேகூடாது என்று நினைக்கிறவர்கள் ஒன்றை யோசிக்கவேண்டும்: ஆபத்து இல்லாதபோது தகப்பனைப் பார்ப்பது பிள்ளையின் தேவை, உங்கள் கோபத்துக்குப் பிள்ளை பதில் சொல்ல முடியாது.

படி 5: பணம்

பிள்ளைக்கான பராமரிப்பு 18 வயது வரை. மேற்படிப்போ பயிற்சியோ தொடர்ந்தால் அது முடியும்வரை நீளும், உடல் மன ஊனம் உள்ள பிள்ளைக்கு அதற்கு மேலும் உண்டு. மனைவிக்கான ஜீவனாம்சம் மறுமணத்தோடு நின்றுவிடும். எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த பேங்க் கணக்கில் என்று மூன்றும் ஆணையில் இருக்கட்டும். கையில் காசாக வாங்காதீர்கள், கொடுத்தேன் கொடுக்கவில்லை என்று பிறகு வாக்குவாதம்தான் மிஞ்சும். பாக்கி விழுந்தால் "பாவம், அடுத்த மாசம் தருவார்" என்று வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம், மூன்று வருஷத்துக்கு முந்திய பாக்கியை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. கொடுக்காதவரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லிக் கோர்ட்டைக் கேட்க வழி உண்டு.

விவாகரத்து வேண்டாம், வீட்டுச் செலவுக்குக் கொடுத்தால் போதும் என்கிற பெண்களும் இருக்கிறார்கள். முன்பு சொன்ன அந்த 1950 சட்டத்தின்கீழ் திருமணத்தை முறிக்காமலே பராமரிப்புக் கேட்கலாம்.

வீடு கணவன் பெயரில் இருப்பதால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருமண காலத்தில் சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது, வீட்டைப் பார்த்து பிள்ளை வளர்த்த உழைப்பும் பங்களிப்பாகவே கணக்கில் வரும், எத்தனை வருஷக் கல்யாணம் என்பதையும் பார்ப்பார்கள்.

படி 6: தீர்ப்புக்குப் பிறகு

முதலில் கிடைப்பது டிக்ரி நைசை, அதாவது இடைக்கால ஆணை. வழக்கமாக மூன்று மாதம் கழித்துத்தான் அது டிக்ரி அப்சொலூட், அதாவது இறுதி ஆணை ஆகும். அதுவரை சட்டப்படி நீங்கள் கணவன் மனைவிதான், அடுத்த கல்யாணத்துக்குத் தேதி குறிக்காதீர்கள். அப்புறம் ஜேபிஎன் பதிவையும் மாற்றுங்கள்.

படி 7: பாட்டியோ அத்தையோ வளர்க்கிற பிள்ளை

அம்மா சிங்கப்பூரில் வேலை, அப்பா எங்கோ, பிள்ளை செந்தூலில் பாட்டியோடு. நம் வீடுகளில் சாதாரணம். பள்ளிக் கையெழுத்தும் ஆஸ்பத்திரி சம்மதமும்தான் பிரச்சினை என்றால் தத்து தேவையில்லாமலும் போகலாம், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாவலராக நியமிக்கக் கேட்கலாமா என்று லாயரிடம் கேளுங்கள். தத்து என்பது பெற்றவளின் உரிமையையே முடித்துவிடும். பாட்டி தத்தெடுத்தால் பெற்ற தாய் சட்டத்தின் முன் அந்தப் பிள்ளைக்கு அக்காள் ஆகிவிடுவாள். குடும்பமாக உட்கார்ந்து பேசி, அவளுக்கு இது புரிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

தத்துதான் என்று முடிவானால் இரண்டு வழி. ஒன்று, கோர்ட் மூலம், 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம், இது முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. வெளியாள் என்றால் 25 வயதும், பிள்ளையைவிட 21 வயது மூப்பும் வேண்டும், சொந்தக்காரருக்கு 21 வயது போதும். ஆணைக்கு முன் பிள்ளை தொடர்ந்து மூன்று மாதமாவது உங்களிடம் இருக்கவேண்டும், சமூக நல இலாகாவுக்கும் மூன்று மாதம் முன்பே தெரிவிக்கவேண்டும். பெற்றவர்களின் சம்மதம் தேவை. கைவிட்டுப் போனவர், தேடியும் கிடைக்காதவர் என்றால் கோர்ட் அதைத் தவிர்க்கலாம்.

இன்னொன்று, ஜேபிஎன்னில் நேரடிப் பதிவு. பிள்ளை 18 வயதுக்குக் கீழே இருந்து, இரண்டு வருஷமாவது உங்களிடம் வளர்ந்திருந்தால் கேட்கலாம், எல்லா மதத்தாருக்கும் உண்டு. செலவு குறைவு, ஆனால் உயில் இல்லாமல் நீங்கள் இறந்துபோனால் இந்தப் பிள்ளைக்குச் சொத்தில் தானாகப் பங்கு வராது. கோர்ட் ஆணை பெற்ற பிள்ளைக்கு வரும். ஜேபிஎன் வழியில் போகிறவர்கள் கையோடு ஒரு உயிலும் எழுதிவிடுங்கள்.

பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகன் அல்ல) என்று இருக்கும் பிள்ளை என்றால், தத்து ஆணை கிடைத்தாலும் குடியுரிமை தானாக வராது. அதற்குத் தனி விண்ணப்பம் ஜேபிஎன்னில் போடவேண்டும். அதற்கு வயது வரம்பு உண்டு, ஐசி எடுக்கிற 12 வயது வரைக்கும் காத்திருக்காமல் தத்து ஆணை கைக்கு வந்த வாரமே போய்ப் படிவத்தை வாங்கிவிடுங்கள்.