பைத்தான் ஸ்கிரிப்டுக்கு வேண்டிய மாட்யூல்கள் தானாகவே இன்ஸ்டால் ஆக

யாரோ அனுப்பிய ஸ்கிரிப்டை ஓட்டினால் முதலில் வந்து நிற்பது 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்'. ஒன்றை இன்ஸ்டால் செய்தால் அடுத்தது இல்லை என்னும். இந்த வேலையை ஸ்கிரிப்டின் தலையிலேயே கட்டிவிடலாம்.

முதலில் யுவியை (uv, பைத்தான் பேக்கேஜ்களை இறக்கி நிர்வகிக்கும் கருவி) இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். பிப்எக்ஸ் (pipx) என்ற கருவியும் இதைச் செய்யும், ஆனால் வேகத்துக்காக என் ஓட்டு யுவிக்குத்தான். அப்புறம் டெர்மினலில் (எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், 'படம்.பை' உங்கள் ஸ்கிரிப்டின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்):

யுவி ஆட் --ஸ்கிரிப்ட் படம்.பை பில்லோ ரிக்வெஸ்ட்ஸ்

ஃபைலைத் திறந்தால் மேலே இப்படி ஒரு பகுதி சேர்ந்திருக்கும்:

# /// ஸ்கிரிப்ட்
# டிபென்டன்சீஸ் = [
#     "பில்லோ",
#     "ரிக்வெஸ்ட்ஸ்",
# ]
# ///

இது பெப் 723 (PEP 723) என்ற பைத்தான் தர ஆவணம் வகுத்த வடிவம். கையால் எழுதினால் ஒவ்வொரு வரியும் # போட்டே தொடங்க வேண்டும். நடுவில் காலி வரி விட்டாலும் அங்கேயும் ஒரு # வேண்டும். இனி 'யுவி ரன் படம்.பை' என்றால் போதும். தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, வேண்டியதை இறக்கி, ஓட்டிவிடும். அடுத்த முறை, இறக்கியதைச் சேமித்து வைத்திருக்கும் கேஷிலிருந்தே (cache) எடுத்துக்கொள்ளும்.

மாட்டிக்கொள்ளும் இடம் பெயர்தான். இம்போர்ட் செய்யும் பெயரும் இன்ஸ்டால் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கோடில் 'பிஐஎல்' என்றிருக்கும், இன்ஸ்டால் செய்வது பில்லோ. 'சிவி2' என்றால் ஓபன்சிவி-பைத்தான், 'யாமல்' என்றால் பையாமல், 'பிஎஸ்4' என்றால் பியூட்டிஃபுல்சூப்4. எரரைப் பிடித்து, அதில் வரும் பெயரையே பிப்புக்கு (pip, பைத்தானின் வழக்கமான இன்ஸ்டாலர்) கொடுக்கும் 'ட்ரை-எக்செப்ட்' வித்தை எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐயில் (PyPI) யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் ஏற்றலாம். பிரபலமான பெயர்களைச் சற்றே மாற்றி, வில்லங்கமான கோடு ஏற்றியவர்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு இன்ஸ்டால் செய்யும் ஸ்கிரிப்ட் அதையும் உள்ளே விட்டுவிடும். பைபிஐ பக்கத்தில் பெயரைச் சரிபார்த்து நீங்களே எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: இத்தனையும் செய்த பிறகும் அதே எரர் வருகிறதா? 'பைத்தான் படம்.பை' என்று ஓட்டியிருப்பீர்கள். பைத்தானுக்கு அந்தப் பகுதி வெறும் கமெண்ட்தான், 'யுவி ரன்' என்றே ஓட்ட வேண்டும். டெபியன் 12 லினக்ஸில் பிப் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' என்று மறுத்தால், 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனைத் தொடாதீர்கள், பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. யுவி தனிச் சூழலில் ஓட்டுவதால் அந்தத் தகராறே வராது.