தேயிலைத் தோட்டத்தில் ஒரு ‘நடை பஸ்’ தொடங்குவது எப்படி? புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கான செய்முறை

ஆறரை மணிக்கெல்லாம் அம்மா பிரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, கிளம்பிவிடுகிறார். அதற்கு முன்பே பிள்ளைக்குத் தலை சீவி, சப்பாத்து மாட்டி, சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் வைத்தாகிவிட்டது. அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. பாடசாலை மணி ஏழரைக்கு அடிக்கும். நடுவில் இருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் ஆறு வயதுப் பிள்ளை லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) பாடசாலைக்கு யாரோடு போகிறது?

இலங்கை மலையகத்தில் பிள்ளைகளின் பாதைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதென்றால் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். ரோட்டுக்குக் காப்பெட் (வழவழப்பான தார்) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. டிக்கோயாப் பக்கம் எங்கள் ரோட்டுக்குக் காப்பெட் போட்ட பிறகு வேன்களின் வேகம் கூடியதைத்தான் நான் பார்த்தேன். பிள்ளைக்கு முதலில் வேண்டியது கூட நடக்க ஒரு பெரிய ஆள்.

அதற்கான வழிதான் நடை பஸ். பஸ்ஸைப் போலவே இதற்கும் ஒரு பாதை, நிறுத்தங்கள், நேரம் எல்லாம் இருக்கும். வண்டி மட்டும் இல்லை. பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், நடுவில் பிள்ளைகள். ஒவ்வொரு லயத்திலும் நின்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு போவார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் எங்விக்ட் 1990களின் தொடக்கத்தில் சொன்ன யோசனை இது. அதற்கும் முன்பே, 1970களில், டென்மார்க்கின் ஓடென்சே நகரம் பாடசாலைப் பாதைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து திருத்தத் தொடங்கியிருந்தது. அமெரிக்கா 2005இல் இதற்கென்று தனிச் சட்ட ஏற்பாடும் நிதியும் ஒதுக்கியது. நமக்கு அவ்வளவு பணம் தேவையில்லை. குறைந்தது இரண்டு பெரியவர்களும் ஒரு கொப்பியும் இருந்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம்.

படி 1: கணக்கெடுங்கள்

ஒரு கொப்பியில் லயம் லயமாகப் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, வீட்டில் தொடர்புகொள்ள வேண்டிய போன் நம்பர் ஆகியவற்றை எழுதுங்கள். முன்பள்ளியிலிருந்து தரம் 5 வரை போதும். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று தோட்டம் பரந்து கிடந்தால் எல்லாவற்றையும் ஒரே பஸ்ஸில் ஏற்றப் பார்க்காதீர்கள். முதலில் ஒரு பிரிவு, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்.

படி 2: பிள்ளையோடு நடந்து பாருங்கள்

இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண். தனியாகப் போய்ப் பாதையைப் பார்க்க வேண்டாம். தரம் ஒன்றில் படிக்கிற ஒரு பிள்ளையோடு, அது போகிற நேரத்திலேயே, அது போகிற வேகத்திலேயே போங்கள்.

நான் அப்படிப் போனபோது பதினைந்து நிமிடப் பாதை என்று நினைத்திருந்தது முப்பத்திரண்டு நிமிடம் எடுத்தது. பாசி பிடித்த சீமெந்துப் படிகளில் அந்தப் பொடியன் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்கினான். ஒருமுறை நின்று, காலுறையை இறக்கி, ஏறியிருந்த அட்டையை நகத்தால் தள்ளிவிட்டு மறுபடி நடந்தான். ரோட்டு வளைவுக்கு வந்ததும் நான் அவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். நின்றபடி பார்த்தபோது தேயிலைக்கு மேலாக அடுத்த வளைவு வரை தெரிந்த ரோட்டைக் காணவில்லை. கண்ணுக்கு நேரே தேயிலைச் செடிதான். வருகிற வண்டி அவனுக்குத் தெரியாது, அவனையும் டிரைவருக்குத் தெரியாது.

“லொறி வந்தா என்னடா செய்வ?” என்று கேட்டேன்.

“சத்தம் கேட்டோன்ன கானுக்குள்ள எறங்கி நிப்போம் டீச்சர்.” கான் என்றால் ரோட்டோர வடிகால்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளே கண்டுபிடித்த பாதுகாப்பு அது. மழைக்காலத்தில் அந்தக் கானில் தண்ணீர் பாய்ந்து போகும் என்பதுதான் கவலை. நடக்கும்போது பிள்ளையிடம் நிறையக் கேளுங்கள்: எங்கே பயம், எங்கே நாய், எங்கே ஓட வேண்டியிருக்கிறது. பதில்களை அந்த இடத்திலேயே எழுதுங்கள். அதுதான் உங்கள் வரைபடம்.

படி 3: பாதையை முடிவு செய்யுங்கள்

குறுக்குப் பாதையா, ரோட்டா? வண்டி வராது என்பதால் மலைக்கு நடுவில் போகும் குறுக்குப் பாதைதான் நல்லது என்று தோன்றும். பல இடங்களில் அது சரியும்கூட. மூன்றை மட்டும் பாருங்கள். பாதைக்கு மேலே மரத்தில் குளவிக்கூடு இருக்கிறதா? அன்றைக்கு மருந்தடிக்கிற தேயிலை மலை எது? (வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் முதல் நாள் மாலையே கேட்டுவிடலாம்.) ஓடையைக் கடக்கிற பலகைப் பாலம் மழைநாளில் தாங்குமா? ஒன்றுக்காவது திருப்தியான பதில் இல்லையென்றால் சுற்றினாலும் ரோட்டாலேயே போங்கள்.

குளவி கிளம்பிவிட்டால் கையை வீசாமல், தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு வேகமாக விலகி அருகிலுள்ள கட்டடத்துக்குள் போக வேண்டும். கூட்டுக்குக் கல்லெறிவது விளையாட்டில்லை என்பதைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் ரயில் பாதையில் நடந்து போகிற பிள்ளைகள் உண்டு. சமதளமாக இருப்பதால் கால் அங்கேதான் போகும். ஆனால் ரயில் பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம். சுரங்கத்திலோ பாலத்திலோ ரயில் வந்துவிட்டால் ஒதுங்க இடமும் இருக்காது. நடை பஸ் ஒருநாளும் ரயில் பாதையால் போகக் கூடாது.

படி 4: கூட்டிப் போகிறவர்கள்

தோட்டத்தில் எல்லோருக்கும் காலையில் வேலை இருக்கிறதே என்பார்கள். எங்களுக்குக் கிடைத்தவர்கள் ஓய்வுபெற்ற பாட்டிமார். நாற்பது வருடம் கூடை சுமந்து அதே மலையில் ஏறி இறங்கியவர்கள். எந்தக் கல் ஆடும், எந்தக் கரை இடியும் என்று காலுக்கே தெரியும். அவர்களோடு, பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளையும், மாலை முறையில் ஃபெக்டரி வேலை பார்க்கிற அண்ணன்மாரையும் கேட்டுப் பாருங்கள்.

ஆறு வயதும் அதற்குக் குறைவும் என்றால் மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர். அதற்கு மேற்பட்ட வயதென்றால் ஆறு பிள்ளைக்கு ஒருவர். எவ்வளவு சின்னக் கூட்டமானாலும் இருவருக்குக் குறையக் கூடாது. ஒருவருக்கு ஏதும் நேர்ந்தால் மற்றவர் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, சங்கடமானாலும் சொல்லியாக வேண்டும். நம்ம ஆள்தானே என்று விசாரிக்காமல் யாரிடமும் பிள்ளைகளை ஒப்படைக்காதீர்கள். யார் யார் கூட்டிப் போகிறார்கள் என்பது அதிபருக்கும் எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் தனியாக நடக்கிற நிலை வரக் கூடாது. பிள்ளை யாரைப் பற்றியாவது முறைப்பாடு சொன்னால் நம்பிக் கேளுங்கள். சிறுவர் உதவி இலக்கம் 1929. அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பக்கத்திலேயே அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

படி 5: நேரமும் நிறுத்தமும்

கோயிலடி 6.40, பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்) 6.50, பாலத்தடி 7.00 என்பதுபோல ஒரு அட்டை எழுதி ஒவ்வொரு லயத்திலும் ஒட்டுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் யாருக்காகவும் நிற்க வேண்டாம். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு போன். பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: ரோட்டில் நடக்கும் முறை

நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. எனவே நடைபாதை இல்லாத ரோட்டில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக. வேகம் ஆகச் சின்னப் பிள்ளையின் வேகம்.

மலை ரோட்டில் இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. வலப்பக்கம் மண்சுவர் இருந்து, ரோட்டும் வலப்பக்கமாக வளைகிறது என்றால் நீங்கள் வளைவின் உள்பக்கத்தில் இருக்கிறீர்கள். எதிரே வருகிற டிரைவருக்குக் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். ஆகவே வளைவுக்கு நன்றாக முன்பே, ரோட்டு நேராக இருக்கும் இடத்தில் மறுபக்கம் கடந்து, வளைவு தாண்டியதும் திரும்பி வாருங்கள். மறுபக்கம் பள்ளமாக, ஒதுங்க இடமில்லாமல் இருந்தால், பின்னால் வருகிற பெரியவர் சிவப்புத் துணியோடு முதலில் போய், வளைவுக்கு அப்பால் நின்று எதிரே வரும் வண்டிகளை மெதுவாக்கிய பிறகே பிள்ளைகள் நடக்க வேண்டும்.

பனிமூட்டத்தில் வேகம் என்ன செய்யும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீற்றரில் வருகிற வேன் ஒரு நொடியில் 11 மீற்றர் ஓடும். டிரைவர் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே அந்த ஒரு நொடி போய்விடும். ஈர ரோட்டில் நிற்க இன்னும் 12 மீற்றர் வேண்டும். பனியில் 20 மீற்றர்தான் தெரிகிறது என்றால் வேன் நிற்காது. அதே வேன் 30இல் வந்தால் சுமார் 15 மீற்றரில் நின்றுவிடும். நடந்து போகிறவர்கள் கலக்கும் வீதிகளில் 30ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பாடசாலை வேன் ஓட்டுகிற தம்பிமாரிடம் இந்தக் கணக்கோடு சொல்லுங்கள். தாளில் எழுதிக் காட்டியபோது எங்கள் பக்கத்து வேன்கார அண்ணன் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து கோயில் வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு மெதுவாக வருகிறார்.

படி 7: வெள்ளைச் சீருடை

நம் பிள்ளைகளின் சீருடை வெள்ளை, பனியும் வெள்ளை. ஒரு கார்த்திகை மாதக் காலையில் முப்பதடி தூரத்தில் வந்துகொண்டிருந்த என் வகுப்புப் பிள்ளைகளின் தலைமுடியும் பைகளும்தான் எனக்குத் தெரிந்தன. மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத் துணியில் மார்பையும் முதுகையும் மறைக்கும்படி ஒரு மேலங்கி தைத்துக்கொடுங்கள். லொறிக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்பு வெள்ளை ஸ்டிக்கரை உதிரிப்பாகக் கடையில் வாங்கிப் பைகளில் ஒட்டலாம். ஆனால் அது வண்டியின் லைட் பட்டால்தான் மின்னும், பகல் பனிக்குத் துணியின் நிறமே கைகொடுக்கும். குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்தால் எதிரே வருவது தெரியாது. மழையங்கி வாங்க முடிந்தவர்கள் அதையே வாங்குங்கள்.

படி 8: மழை நாளில்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்கு அடிப்படை, 24 மணிநேரத்தில் பெய்த மழை: 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. வானொலிச் செய்திக்குக் காத்திருக்காமல் நீங்களே அளக்கலாம். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றரைத் தொட்டால் அன்றைக்கு நடை பஸ் இல்லை. கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின் மேல் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்தது. அதை மறக்காதவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு அதிகமாகத் தெரியாது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து போனபின் பழைய பாதைகள் பல இடங்களில் பழையபடி இல்லை. ஆகவே பெருமழை விட்டதும் பெரியவர்கள் முதலில் நடந்து பார்த்த பிறகே பிள்ளைகள்.

சைக்கிள்?

பலர் கேட்கிறார்கள். தோட்டத்து இறக்கங்களில் சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் பாடசாலை போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஈரத்தில் பிரேக் பிடிக்காது, கல் ரோட்டில் சில்லு வழுக்கும். நுவரெலியா டவுன் போல ஓரளவு சமமான இடத்தில், பத்து வயதுக்கு மேல், ஹெல்மெட்டோடு, இரண்டு பிரேக்கும் தனித்தனியாகப் பிடிக்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டுப் போகலாம். செங்குத்தான இறக்கத்தில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

படி 9: கடிதம் எழுதுங்கள்

ஒரு மாதம் நடந்த பிறகு உங்கள் கொப்பியில் ஒரே இடம் திரும்பத் திரும்ப வரும். எங்களுக்கு அது பாலத்தடி வளைவு. அந்த இடத்தைப் படமெடுத்து, எத்தனை பிள்ளைகள் எத்தனை மணிக்குக் கடக்கிறார்கள் என்று எழுதி, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் அனுப்புங்கள். ஏ, பி தரப் பிரதான வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, தோட்ட ரோட்டென்றால் தோட்ட நிர்வாகத்துக்கு, உள்ளூர் வீதி என்றால் பிரதேச சபைக்கு. “பாதுகாப்புத் தாருங்கள்” என்று பொதுவாக எழுதினால் கடிதம் கோவைக்குள் போய்விடும். “இந்த வளைவில் ஒரு கைப்பிடிக் கம்பி, இருபுறமும் ஒரு பலகை” என்று கேளுங்கள்.

திரும்பி வருகிற பயணம்

காலையை ஒழுங்காக நடத்தி மாலையை மறந்துவிடுகிற குழுக்கள் உண்டு. பாடசாலை விடுகிற நேரத்தில்தான் மழை பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பசி, கால் ஓட்டமெடுக்கும். காலையைப் போலவே அதே எண்ணிக்கையில் பெரியவர்கள் வாசலில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு எண்ணி எடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வீட்டுப் பெரியவரின் கையில் விட்டு, கொப்பியில் பெயருக்கு நேரே ஒரு சரி போடுங்கள். அம்மா இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லையென்றால், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த வீட்டில் விடுங்கள். கடைசிப் பெயருக்கும் சரி விழுந்த பிறகு கொப்பியை மூடலாம்.