பூமுக்குள் தேங்கும் மழைநீரை வெளியேற்றுவது எப்படி

ஒரு வாரம் மழை. வெயில் அடித்ததும் பாய்மரப் படகை அவிழ்க்கிறீர்கள். பூமின் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கழி) பின்முனையைத் தூக்கிப் பிடிக்கும் டாப்பிங் லிஃப்ட் கயிற்றைத் தளர்த்தி, அந்த முனை தாழ்ந்த அந்த நொடியில், அரை வாளி பழுப்புத் தண்ணீர் சுக்கான் பிடித்திருப்பவரின் மடியில் கொட்டுகிறது. பூம் என்பது அடிப்படையில் இரு பக்கமும் அரைகுறையாக அடைத்த ஓர் அலுமினியக் குழாய். 4 மீட்டர் நீளம், 130-க்கு 90 மில்லிமீட்டர் குறுக்களவு என்றால் அதன் உள்கொள்ளளவு சுமார் 35 லிட்டர். அதில் கால் பங்கு நிறைந்தாலே எட்டு ஒன்பது கிலோ.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது சிலிக்கானை எடுத்து ஓட்டைகளை அடைப்பது. வேண்டாம். பாயைச் சுருக்கும் ரீஃப் கயிறும், பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் அவுட்ஹால் கயிறும் வெளியேறும் கப்பிப் பொந்துகளை அடைக்கவே முடியாது. மழைநீர் பாய்மரத்தில் வழிந்து, பூமைப் பாய்மரத்தோடு இணைக்கும் கூஸ்நெக் வழியாகவும் வரும். பாயின் அடிக்கயிறு ஓடும் மேல்பள்ளம் பல பூம்களில் உள்கூட்டோடு நேரடியாகச் சேராது, ஆனால் பள்ளத்தில் ஓடும் நீர் முனைக்குப் போய் உள்ளே இறங்கிவிடும். மடித்த பாயின் சுருக்கங்கள் மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில் சொட்டும். பழைய பொருத்துகளைக் கழற்றிய திருகு ஓட்டைகளை மட்டும் அடையுங்கள். மற்றபடி வரும் நீர் வரட்டும், நிற்காமல் போனால் போதும். நுரை ஊற்றி நிரப்புவது இன்னும் மோசம்: நுரைக்கும் சுவருக்கும் நடுவே சிக்கும் உப்பு ஈரம் காயாது, அங்கே அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

முதலில் தாழ்வான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதைப் படகு மிதக்கும்போதே செய்யுங்கள், ஏனென்றால் கரையில் முட்டுக் கொடுத்து நிற்கும் படகின் சாய்வு வேறாக இருக்கும். கட்டிவைக்கும்போது பூம் எப்படித் தொங்குமோ அப்படியே நிறுத்தி, அடியில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பின்முனை உயர்ந்திருப்பதே நல்லது. 4 மீட்டர் பூமுக்கு 20 சென்டிமீட்டர் தூக்கினால் 3 டிகிரி கிடைக்கும், நீர் முழுக்க பாய்மரப் பக்கம் வந்து தளத்தில் சொட்டும், உட்காரும் இடத்தில் கொட்டாது.

துளை போடும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பூமின் பாய்மரப் பக்க முனையை மூடும் உலோக வார்ப்பு குழாய்க்குள் சிறிது தூரம் நுழைந்திருக்கும், அது உள்ளே ஓர் அணைபோல நிற்கும். எவ்வளவு தூரம் என்பதை ரிவெட் வரிசையும், விரலால் தட்டும்போது மாறும் ஓசையும் காட்டிவிடும். அந்த வார்ப்பு முடியும் இடத்தை ஒட்டி, அடிச்சுவரின் நடுக்கோட்டில் துளையிடுங்கள். கூஸ்நெக் ஒரு கீல் என்பதால் அதன் அருகே வளைவிசை மிகக் குறைவு. பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வேங் அல்லது மெயின்ஷீட் கயிறு பிடிக்கும் இடங்களின் அருகே துளையிடவே கூடாது. பாய் மேலே இழுக்க, கயிறு கீழே இழுக்க, அடிச்சுவர் அங்கேதான் அதிகம் இழுபடும், விரிசல் ஒரு துளையிலிருந்து எளிதில் தொடங்கும். கார்பன் பூம் என்றால் டிரில்லைத் தொடாதீர்கள், செய்தவரிடமே கேளுங்கள்.

உள்ளே ஓடும் கயிறுகளை டிரில் அறுத்துவிடாமல் இருக்க, பிறகு திரும்பக் கோக்க உதவும் மெல்லிய நூல்கயிற்றை அவற்றின் முனையில் கட்டி, கயிறுகளை வெளியே இழுத்துவிடுங்கள். முடியாவிட்டால் டிரில் பிட்டில் முனையிலிருந்து 6 மில்லிமீட்டர் விட்டு ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகுங்கள், சுவரைத் தாண்டி ஆழமாகப் போகாது. சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் குறி தட்டி, 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். தண்ணீர் வந்தால் இடம் சரி. பிறகு 8 மில்லிமீட்டராகப் பெரிதாக்குங்கள். 5-க்குக் கீழே விட்டால் நீர் ஒரு சொட்டாகத் துளையிலேயே ஒட்டி நிற்கும், ஒரு துணுக்குக் குப்பை போதும் அடைக்க. பிசிறை அரத்தால் நன்றாக மழுக்குங்கள், இல்லையேல் கயிறு தேயும். வெட்டுமுகத்துக்கு அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் ஒரு பூச்சு. கடைசியாகப் பின்முனையிலிருந்து நல்ல தண்ணீரைப் பாய்ச்சி அலுமினியச் சுருளைக் கழுவித் தள்ளுங்கள்.

அப்போது கூடவே வந்து விழும் துருப்பிடித்த ஆணித்துண்டுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரிவெட் அடித்தபோது முறிந்து உள்ளே விழுந்த தண்டுகள் அவை. பழுப்பு நிறத்துக்கும் பெரும்பாலும் அவையே காரணம். துளையை அடைப்பதும் இவைதான், அடுத்தபடியாகக் குளவி. நம் கடற்கரையில் குளவிக்கு 8 மில்லிமீட்டர் துளை என்றால் கட்டிவைத்த வீடு மாதிரி, சில நாளில் மண் பூசிவிடும். சென்னை போன்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அக்டோபர் முதல் வாரத்தில், ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. வெப்பமான காலத்தில் கொசு முட்டை ஏழெட்டு நாளில் பறக்கத் தொடங்கிவிடும் என்பதால் அந்த இடைவெளியை நீட்டாதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் திருகு அலுமினியத்தைத் தொடும் இடங்களையும் இந்தச் சாக்கில் பாருங்கள். சுற்றிலும் பெயின்ட் கொப்பளித்திருந்தால் திருகைக் கழற்றி, இரு உலோகங்களும் நேரடியாகத் தொடாமல் தடுக்கும் டுராலாக் போன்ற பசையைத் தடவி மீண்டும் இறுக்குங்கள்.