மைக்ராஸ்கோப் லென்ஸை எண்ணெயிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பது எப்படி

மைக்ராஸ்கோப் கீழே விழுந்து உடைவதைவிட, கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதுதான் அதிகம். 100 எக்ஸ் (நூறு மடங்கு பெரிதாக்கும்) லென்ஸில் துடைக்காமல் விட்ட எண்ணெய், தவறாகத் துடைத்ததால் விழுந்த கீறல், மழைக்காலத்தில் உள்ளே படர்ந்த பூஞ்சை ஆகிய மூன்றையும் தடுத்துவிட்டால் நல்ல கருவி ஒன்று பல ஆண்டுகள் உழைக்கும்.

இடம் மாற்றும்போது ஒரு கையால் கருவியின் தண்டைப் பிடித்து, மறு கையை அடிப்பீடத்தின் கீழே கொடுத்துத் தூக்குங்கள். பல கருவிகளில் தலைப்பகுதியை ஒரே ஒரு சிறு திருகுதான் பிடித்திருக்கும். சாய்த்துத் தூக்கினால் நழுவிவிடும். சென்ட்ரிஃப்யூஜ் (மாதிரிகளை வேகமாகச் சுழற்றும் கருவி) ஓடும் மேஜை, சிங்க் பக்கம், வெயில் விழும் ஜன்னலோரம் மூன்றும் வேண்டாம்.

ஃபோகஸ் செய்யும் முறை

எப்போதும் 4 எக்ஸ் அல்லது 10 எக்ஸில் தொடங்குங்கள். பக்கவாட்டில் பார்த்தபடியே ஸ்லைடு வைக்கும் மேடையை லென்ஸுக்கு அருகே ஏற்றிவிட்டு, பிறகு கண்ணை வைத்து, மேடையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே உருவத்தைப் பிடிக்க வேண்டும். கண்ணை வைத்துக்கொண்டு ஏற்றினால் லென்ஸ் ஸ்லைடில் இடிக்கும். லென்ஸ் மாற்றும்போது லென்ஸைப் பிடித்துத் தள்ளாமல், அவை பொருந்தியிருக்கும் வளையத்தைச் சுழற்றுங்கள். 40 எக்ஸுக்கு வந்துவிட்டால் மேடையை வேகமாக நகர்த்தும் பெரிய கோர்ஸ் திருகைத் தொடவே கூடாது, நுணுக்கமாக நகர்த்தும் ஃபைன் திருகு மட்டும்தான். அங்கே லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். 100 எக்ஸில் அதைவிடப் பல மடங்கு குறைவு.

10 எக்ஸில் தெளிவாகத் தெரிந்தது 40 எக்ஸில் எவ்வளவு திருகினாலும் கிடைக்கவில்லையா? முதலில் ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து கவர்ஸ்லிப், அதாவது மாதிரியின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடி: இந்த லென்ஸ்கள் 0.17 மி.மீ. தடிமனுக்கென்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. இரண்டு கவர்ஸ்லிப் ஒட்டிக்கொண்டிருந்தாலே உருவம் மங்கிவிடும். மூன்றாவது காரணம், 40 எக்ஸ் லென்ஸின் நுனியில் எண்ணெய் பட்டிருப்பது.

வெளிச்சம் அதிகமாக இருந்தால் பலரும் கண்டென்சரை (மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸை) கீழே இறக்கிவிடுகிறார்கள். இது தவறு; நுண்ணிய விவரங்கள் போய்விடும். கண்டென்சர் ஏறத்தாழ உச்சியிலேயே இருக்கட்டும், பல்பின் ஒளியைக் குறையுங்கள். கண்டென்சரில் ஒளி வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸை எவ்வளவு மூடுவது என்பதற்கு ஓர் அளவு உண்டு: கண்ணருகு லென்ஸைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தால் ஒளிவட்டம் தெரியும்; அதில் முக்கால் பங்கு தெரியும் வரை மூடினால் போதும். பார்த்ததும் லென்ஸைத் திரும்பப் பொருத்திவிடுங்கள். திறந்த குழாய் வழியாக உள்ளிருக்கும் பட்டகத்தின் (பிரிசத்தின்) மேல் விழுந்த தூசியை எடுப்பது எளிதல்ல.

எண்ணெய்

100 எக்ஸ் லென்ஸுக்கு எண்ணெய் ஏன்? கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி விலகிச் சிதறி, ஒரு பகுதி லென்ஸுக்குள் போகாமலே வீணாகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.515, கண்ணாடியோடு கிட்டத்தட்ட ஒன்று. இடையில் காற்று இல்லாததால் ஒளி முழுதாக உள்ளே போகிறது. ஒரு சொட்டு போதும். காசநோய்க்கான சளிப் பரிசோதனையில் சொட்டுக்குச்சி ஸ்மியரை (ஸ்லைடில் பூசிய சளியை) தொடவே கூடாது. தொட்டால் ஒரு ஸ்லைடின் கிருமி அடுத்த ஸ்லைடுக்குப் போய், நோயில்லாதவருக்கு நோய் என்று முடிவு வந்துவிடும்.

எண்ணெய் வைத்த பிறகு 40 எக்ஸ் பக்கம் திரும்பக் கூடாது. அது எண்ணெய் இல்லாமல் பார்க்கும் உலர் லென்ஸ். நுனி எண்ணெயில் தோய்ந்துவிடும். 100 எக்ஸிலிருந்து மறுபக்கமாக 4 எக்ஸுக்குச் சுழற்றுங்கள்.

செடார் மர எண்ணெய் காய்ந்தால் பிசினாக இறுகிவிடும். காயாத செயற்கை எண்ணெயே வாங்குங்கள். என்றாலும் அன்றன்றே துடைத்தாக வேண்டும். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதி விடுங்கள், ஏனென்றால் லென்ஸில் கீறல் போடுவது பெரும்பாலும் அந்தத் தூசிதான். பிறகு லென்ஸ் பேப்பரை நுனியில் படியவைத்து மெல்ல இழுத்தால் எண்ணெய் அதில் ஏறிவிடும். தேய்க்க வேண்டாம். அடுத்து, புதிய பேப்பரை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் சற்றே நனைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றித் துடைத்து, உலர்ந்த பேப்பரால் முடியுங்கள். திரவத்தை நேராக லென்ஸில் ஊற்றினால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். சைலீன் என்ற கரைப்பான் இறுகிய எண்ணெய்க்கு மட்டும், அதுவும் மிகக் குறைவாக. லென்ஸை ஒட்டியிருக்கும் பசையை அது கரைக்கும், அதன் ஆவியும் நல்லதல்ல. அசிட்டோன் கூடவே கூடாது. சாயம், சளி போன்ற நீரில் கரையும் அழுக்குக்கு முதலில் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பேப்பர். கைக்குட்டையும் சட்டை நுனியும் எதற்கும் ஆகாது.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, கண்ணருகு லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் நல்ல பூதக்கண்ணாடி கிடைக்கும்.

புள்ளியொன்று தெரிகிறது, எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையென்றால் ஸ்லைடை நகர்த்துங்கள்: கூடவே நகர்ந்தால் ஸ்லைடில். கண்ணருகு லென்ஸைச் சுழற்றும்போது சுழன்றால் அதில். லென்ஸை மாற்றியதும் மறைந்தால் பொருளருகு லென்ஸில். எதிலும் அசையவில்லையென்றால் கண்டென்சரையும் விளக்கின் மேல் கண்ணாடியையும் பாருங்கள். கண்ட இடத்தையெல்லாம் துடைப்பதைவிட இந்த ஒரு நிமிடம் மேல்.

பூஞ்சை

கடலோர ஊர்களிலும், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் இதுதான் பெரிய எதிரி. காற்றின் ஈரப்பதம் நாள் கணக்கில் 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் லென்ஸில் நூல் நூலாகப் பூஞ்சை படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும். அரித்தபின் பூஞ்சையைத் துடைத்தெடுத்தாலும் தழும்பு நிற்கும்.

இந்தக் காலத்தில் பிளாஸ்டிக் உறையை மட்டும் நம்பாதீர்கள். அது தூசியைத் தடுக்கும், ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். மேலும் கீழும் காற்றுத் துளையுள்ள மர அலமாரியில் பழைய வகை 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டுக் கருவியை வைப்பது நல்ல வழி. உள்ளே சில டிகிரி வெப்பம் கூடினாலே ஈரப்பதம் இறங்கும். எல்.இ.டி. பல்பு அந்த அளவுக்குச் சூடு தராது. மின்வெட்டு அதிகமான இடங்களில் லென்ஸ்களைக் கழற்றி, காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். லென்ஸ் இருந்த துளைகளை மூடி போட்டு அடைத்துவிடுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டதென்று பொருள். ஆய்வக அவனில் 120 டிகிரி செல்சியஸில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மீண்டும் நீலமாகும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு இருப்பதால் சமையலறை அவனில் வைக்காதீர்கள்.

பகலில் மட்டும் ஓடி இரவில் நிறுத்தப்படும் ஏ.சி. அறை ஆபத்தானது. ஏ.சி. நின்றதும் குளிர்ந்த லென்ஸில் ஈரம் படியும். பூஞ்சை வெளிப்பரப்பில் இருந்தால் துடைத்துப் பார்க்கலாம். உள்ளே இருந்தால் லென்ஸைப் பிரிக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். உள் கண்ணாடிகளின் இடைவெளி கொஞ்சம் மாறினாலும் அந்த லென்ஸ் வீண்.

விளக்கும் திருகுகளும்

அணைக்கும் முன் ஒளியைக் குறைத்துவிட்டு அணையுங்கள். சூடு ஆறும் வரை உறை போட வேண்டாம். ஹாலஜன் பல்பு மாற்றும்போது விரல் படக்கூடாது, பேப்பரால் பிடியுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூட்டில் கருகி, பல்பு சீக்கிரம் போகும். பழைய பல்பில் எழுதியுள்ள அதே வோல்ட், அதே வாட்.

மேடை தானாகக் கீழே இறங்கினால், கோர்ஸ் திருகின் அருகிலுள்ள இறுக்க வளையத்தைச் சற்றுத் திருகினால் நிற்கும். இரு பக்கத் திருகுகளையும் ஒரே நேரத்தில் எதிரெதிராகத் திருப்பாதீர்கள். உள்ளே பற்சக்கரம் கெடும். திருகு இறுகிவிட்டது என்று தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடக்கூடாது. அவை ஒழுகி லென்ஸுக்குப் போகும், பிறகு பிசினாகும். பழைய கிரீஸைக் கழுவி எடுத்துப் புதிது வைப்பது மெக்கானிக்கின் வேலை.